விரிக்காத குடை

“குடையை மட்டும் விரிச்சிராதீரும்” என்றார் தரகர் பிச்சுமணி, மூன்றாவது தடவையாக.

குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சாரல் விடவில்லை. ஆனி மாதத்தில் அதற்கு வேறு வேலை இல்லை. உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்களும் ஈரத் துண்டோடு திரும்புகிறவர்களும், கையில் நல்ல குடையை மடக்கி வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நடக்கிற இந்த இரண்டு பேரையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“சட்டை பூரா நனையுதே, அண்ணாச்சி” என்றான் நாறும்பூநாதன்.

“சட்டை நனைஞ்சா காயும். குடையை விரிச்சா கலியாணம் நின்னுரும். உம்ம மாமா எழுதி வச்சிருக்க எழுத்து, கொல்லத்துல நின்னு பாத்தாலும் தெரியும்வே.”

அது உண்மைதான். நாறும்பூநாதனை அம்பாசமுத்திரத்தில் வளர்த்து ஆளாக்கியவர் அவனுடைய தாய்மாமா. மருமகன் தமிழ் படித்து வித்வான் பரீட்சையில் தேறிய அன்று, போர்டு எழுதுகிறவனைக் கூப்பிட்டுப் புதுக் குடையின் மேல் வெள்ளைப் பெயின்டில் ‘வித்வான் தி. நாறும்பூநாதன்’ என்று எழுதவைத்தார். தமிழ் இலக்கியம் படித்தவனுக்குச் சர்வகலாசாலை கொடுக்கிற பட்டம் அது. மாமாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மளிகைக் கடைக்கு அனுப்புகிற துண்டுச் சீட்டில்கூட ‘வித்வான் வீட்டுக்குத் துவரம்பருப்பு இரண்டு படி’ என்றுதான் எழுதுவார். இன்று காலையில் அவன் ரயில் ஏறும்போது, சாரல் காலமாயிற்றே என்று அதே குடையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

பெண் வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாத ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதுதான் இப்போது ஒரு முழ எழுத்தில் அவன் கையில் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அறுபத்து நாலில், நாறும்பூநாதன் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். மகளிர் மன்றத்து ஒப்புவித்தல் போட்டிக்கு நடுவராகப் போனான். குழல்வாய்மொழி என்று ஒரு பெண் மேடையேறி, மடை திறந்தாற்போலச் சொல்லிக்கொண்டே போனாள். நேரமாயிற்று என்று இவன் மணியை அடித்தான். அவள் நிறுத்திவிட்டு, “இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்கு. உங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னா நீங்க போகலாம், சார்” என்றாள். சபை சிரித்தது. நாறும்பூநாதன் அன்றோடு போனான்.

மாமா முறைப்படி பெண் கேட்டு எழுதினார். எட்டாம் நாள் அஞ்சலட்டையில் ஒரே வரி வந்தது. ‘இந்தத் தொழில் செய்கிறவருக்குப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.’

இந்தத் தொழில் என்றால் எந்தத் தொழில்? தமிழ் வாத்தியார் தொழில்தான், வேறென்ன? நாறும்பூநாதன் அட்டையை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டான். ராஜினாமா எழுதிக் கொடுத்தான். பார்த்துப் பார்த்துச் சேர்த்த புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறினான். கழுதைகூடக் காகிதத்தை மென்று பார்த்துவிட்டுத்தான் துப்பும். இவன் மெல்லாமலே துப்பினான்.

பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி, ஹால் அளவுக்கு ஒரு கணக்குப் போடும் இயந்திரத்தை வாங்கி வைத்திருந்தது. அதற்குப் பேர் கம்ப்யூட்டர். ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். ஏதாவது ஒரு பட்டம் போதும். தனியாக எழுதிப் பாஸ் செய்த பி.ஏ. இவனிடம் இருந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. யாப்பில் எல்லாம் நேர், நிரை என்ற இரண்டே அசைதான்; இயந்திரத்துக்கும் உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும். வெண்பாவில் தளை தட்டினால் வாத்தியார் முறைப்பார். இங்கே தட்டினால் இயந்திரம் நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். இதை விளக்கிச் சொல்லத்தான் பம்பாயில் அவனுக்கு ஓர் ஆள் இல்லை. இரண்டு வருஷமாகத் தமிழில் அவன் பேசியதெல்லாம் மாதுங்கா ஓட்டலில் இட்லிக்காரனோடுதான்.

இந்தத் தடவை மாமாவை எழுத விடாமல் தரகர் மூலமாகப் போனான். பிச்சுமணிக்கு அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். தமிழ் படித்ததையும் தமிழ் வாத்தியாராக இருந்ததையும் மூச்சு விடக் கூடாது.

சன்னிதித் தெருவில் அந்த வீட்டு வராந்தாவில் சிவசைலம் பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போதே எதிராளியை எல்லைக்கல் நட்டு அளப்பார்.

“வாங்க, வாங்க” என்றவர் நிறுத்தினார். “குடை இருக்கு. பின்ன ஏன் இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க?”

நாறும்பூநாதன் பிச்சுமணியைப் பார்த்தான். பிச்சுமணி மழையைப் பார்த்தார்.

“குடையில ஓட்டை” என்றான் நாறும்பூநாதன்.

“ஓட்டைக் குடையைத் தூக்கிக்கிட்டா பம்பாயில இருந்து வாறீங்க? கொண்டாங்க, பக்கத்துலதான் குடை ரிப்பேர்காரன் இருக்கான், தச்சுருவோம்.”

பிள்ளை ஒரு முனையைப் பிடித்தார். இவன் மறுமுனையை விடவில்லை. இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைதான் கையை எடுத்தார்.

“அது ராசியான குடை, அண்ணாச்சி. ஓட்டையைத் தச்சா ராசி போயிரும்” என்றார் பிச்சுமணி.

குடை மூலையில் சாய்ந்தது. உள்ளே நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அப்துல் மஜீது ராவுத்தர். பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், பிள்ளைக்கு உயிர்ச் சிநேகிதர். அவர் ஒரு வார்த்தை சரி என்றால்தான் அந்த வீட்டில் கத்தரிக்காயே வாங்குவார்கள்.

“உங்களுக்கு அங்க என்ன வேலை?” என்று பிள்ளை தொடங்கினார்.

“கம்ப்யூட்டர்ல புரோகிராம் பண்ணுதேன்.”

பிள்ளையின் கையில் காப்பி டம்ளர் அந்தரத்தில் நின்றது. “புரோகிராமா? கச்சேரியா?”

“ஐயையோ, இல்ல…”

“முன்கூட்டியே சொல்லிருதேன். எங்க சின்னையா ஒருத்தர் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாடகக் கொட்டகை பின்னால போனவரு, போனவருதான். அன்னையில இருந்து இந்த வீட்டுல சங்கீதம் கெடையாது. ரேடியோ கெடையாது. எம் மக தொட்டில்ல கெடந்தப்பகூடத் தாலாட்டு கெடையாது. சும்மா ஆட்டித்தான் தூங்க வச்சோம்.”

“இது பாட்டு இல்லைங்க. மெஷினுக்கு நாம என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்கது. அது கணக்குப் போட்டுக் குடுக்கும்.”

“எதுல எழுதிக் குடுப்பீரு?”

‘நீங்க’ போய் ‘நீரு’ வந்துவிட்டதை நாறும்பூநாதன் கவனித்தான். தமிழ் படித்தவன் காதிலிருந்து இந்த மாதிரி விஷயம் தப்பாது.

“கார்டுல.”

“அதாவது சீட்டு” என்று பிச்சுமணி உதவிக்கு வந்தார்.

“சீட்டா!”

“ஒரு கட்டுக்கு ரெண்டாயிரம் சீட்டு இருக்கும்” என்றான் நாறும்பூநாதன், விவரமாகச் சொன்னால் பயம் தெளியும் என்று நினைத்து. “கை தவறிக் கலைஞ்சுட்டா தீந்துது, மறுபடி அடுக்க ஒரு நாளாகும். எங்களுக்கு முக்காவாசி ராத்திரிதான் மெஷின் கெடைக்கும். விடிய விடிய உக்காந்திருப்போம்.”

பிள்ளை ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தாடியைத் தடவினார்.

“விடிய விடிய, ரெண்டாயிரம் சீட்டு” என்றார் பிள்ளை. “எங்க தாலுக்கா ஆபீசுல ஒரு கிளார்க் ஒத்தைக் கட்டு வச்சே வீட்டைத் தோத்தான்.”

“அந்தச் சீட்டு இல்லைங்க!” நாறும்பூநாதன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். “இதுல ராஜா ராணி ஒண்ணும் கெடையாது. வெறும் அட்டை. அதுல ஓட்டை போடுவோம். ஓட்டை போட்டாத்தான் மெஷினுக்குப் புரியும்.”

ராவுத்தர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டில் ஓட்டை போடுகிற பழைய இடுக்கியை எடுத்துக் காட்டினார். ஓய்வு பெற்றும் அதை அவர் விடவில்லை.

“அட, சீட்டுல ஓட்டை போடுத வேலையா! நம்ம ஆளுன்னு மொதல்லயே சொல்லப்படாதா? எந்த ரூட்டு, தம்பி?”

“கண்டக்டரா?” என்றார் பிள்ளை.

“கண்டக்டருக்கு மேல, அண்ணாச்சி” என்றார் பிச்சுமணி அவசரமாக.

“பஸ்ஸுக்கு மேலயா?”

நாறும்பூநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சாரல் ஈரம் போய் இப்போது வேர்வை. “பஸ்ஸே இல்லைங்க. மெஷினுக்கு ரெண்டே ரெண்டுதான் தெரியும். ஓட்டை இருந்தா உண்டுன்னு அர்த்தம். ஓட்டை இல்லைன்னா இல்லைன்னு அர்த்தம்.”

“ஓட்டை இருந்தால்ல இல்லைன்னு அர்த்தம்?” என்றார் பிள்ளை. “எம் பையில ஓட்டை இருந்தா சில்லறை உண்டுன்னா அர்த்தம்?”

நேர், நிரை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தமிழ்ப் பாட்டு ஒப்பிக்கிற பெண்ணைப் பெற்ற மனுஷனுக்கு அது விளங்கியிருக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நாறும்பூநாதன் அதை விழுங்கினான்.

“போகட்டும். பி.ஏ.ன்னு சொன்னாரு தரகர். எதுல பி.ஏ.?”

பிச்சுமணி இருமினார்.

“கணக்கு” என்றான் நாறும்பூநாதன்.

“அப்படிச் சொல்லும். முக்காலே மூணு வீசத்துல பாதி எவ்வளவு?”

நாறும்பூநாதன் விரலை மடக்கினான், நீட்டினான். “அதெல்லாம் மெஷின் போட்டுரும்” என்றான்.

“காலும் அரைக்காலும் ஒண்ணரை வீசமும்” என்று ஒரு குரல் வந்தது. டம்ளர் எடுக்க வந்த வேலைக்காரி சொக்கம்மாள். சொன்ன கையோடு மூலைக்குப் போய்க் குடையை எடுத்துக்கொண்டாள். “தரையெல்லாம் தண்ணியா ஒழுகுது. வெந்நி அடுப்புப் பக்கத்துல காய வைக்கேன்” என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது என்று பிச்சுமணி கண்ணாலேயே ஆறுதல் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் குழல்வாய்மொழி வந்தாள். அம்மாவோடு கோயிலுக்குப் போக, பூக்கூடையுடன் கூடத்தைக் கடந்தாள். கடக்கிறபோது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நாறும்பூநாதன் பம்பாயில் மீசையை எடுத்திருந்தான். மூக்குக் கண்ணாடி வேறு. அவள் நடை ஒரு கணம் நின்றது. எங்கேயோ பார்த்த முகமாயிற்றே என்று புருவம் சுருங்கியது. வாய்கூடத் திறந்தது.

‘தமிழ் சார்’ என்று சொல்லிவிட்டாளானால் எல்லாம் போயிற்று. நாறும்பூநாதன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, காலண்டரில் எமகண்டம் எத்தனை மணிக்கு என்று படிக்கத் தொடங்கினான். படித்து முடித்துத் திரும்பியபோது அவள் தெருவில் இறங்கியிருந்தாள். இரண்டு வருஷமாக அவன் பார்க்கத் தவித்த முகத்தை அவன் பார்த்தது அவ்வளவுதான்.

பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“சுத்தி வளைக்க வேண்டாம்வே” என்றார். ‘நீரு’வோடு இப்போது ‘வே’யும் சேர்ந்துகொண்டது. “எம் மகளுக்குத் தமிழ்னா உசிரு. கட்டுனா ஒரு தமிழ் வாத்தியாரத்தான் கட்டுவேன்னு ரெண்டு வருசமா ஒத்தக் கால்ல நிக்கா. எனக்கும் அதுல பரம சந்தோஷம். வாத்தியார்னா ஊரு எந்திரிச்சு நிக்கும். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துருவான். பிச்சுமணி பம்பாய் பம்பாய்ன்னு உசிரை எடுத்தாரேன்னு ஒரு வார்த்தை பேசிப் பாத்தேன். கீழப்பாவூர்க்காரர் ஒருத்தர் தென்காசியில தமிழ் வாத்தியாரா இருக்காரு. முன்ன இருந்தவன் புத்தி கெட்டுப் போயி வேலையை விட்டுட்டு வடக்க எங்கயோ ஓடிட்டானாம். அந்த எடம் இவருக்குக் கெடச்சிருக்கு. அதையே முடிச்சுருதேன். அந்தப் புத்தி கெட்டவன் எங்க இருந்தாலும் நல்லாருக்கணும்.”

நாறும்பூநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து நின்றான். பிச்சுமணி வேட்டி மறைவில் அவன் தொடையைக் கிள்ளினார். கிள்ளட்டும்.

“அந்தப் புத்தி கெட்டவன் நான்தான்!”

“என்னது?”

“நான்தான் அந்தத் தமிழ் வாத்தியார். நான் படிச்சது தமிழ்தான்!”

“இப்பதான கணக்குன்னீரு?”

“அது பொய்.”

“ஓட்டைக் குடை?”

“அதுவும் பொய்.”

பிள்ளை ராவுத்தரைப் பார்த்தார். “பாத்தீரா ராவுத்தரே? கச்சேரி போயி, சீட்டாட்டம் போயி, பஸ் போயி, கணக்கு போயி, இப்பத் தமிழுக்கு வந்து நிக்காரு. நான் மாவடு விக்குத ஆளுதான் வேணும்னு சொன்னா அதுவும் நான்தான்னு சொல்லுவாரு.”

சாட்சிக்குக் குடையைக் காட்டலாம் என்று மூலையைப் பார்த்தான். மூலை காலியாக இருந்தது. அது வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

ராவுத்தருக்குத்தான் மனசு கேட்கவில்லை. “கோபப்படாதேயும்வே. தமிழ் வாத்தியார்னா ஒரு பாட்டாவது தெரிஞ்சிருக்கும்லா? சொல்லட்டுமே. சொல்லுங்க தம்பி.”

நாறும்பூநாதன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அன்று மேடையில் சொன்ன அதே செய்யுள். தமிழ் வாத்தியார்கள் சொல்கிற அந்த இழுப்போடு முதல் வரியைச் சொன்னான். இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரி வரவில்லை.

ஆயிரம் தடவை சொன்ன பாட்டு. தலைக்குள் தேடினான், அட்டை அட்டையாக ஓட்டைதான் இருந்தது. இரண்டாவது வரியை மறுபடி சொன்னான். அதன் கடைசிச் சொல்லை, மூன்றாவது வந்துவிடாதா என்று, இழுத்தான். இன்னும் இழுத்தான். இழுக்க இழுக்க அது ‘ஆ… ஆ…’ என்று மேலே ஏறியது. தலை தானாக ஆடியது. கையும் தொடையில் தட்டத் தொடங்கியது.

“ஆலாபனை!” என்று அலறினார் பிள்ளை. “ராவுத்தரே, ஆலாபனை பண்ணுதான்! எம் வீட்டு நடுக்கூடத்துல! இவன் ‘புரோகிராம்’னு சொன்னப்பவே நெனச்சேன். எந்திரிச்சு வெளிய போவே!”

வெளியே போனான். பிச்சுமணி அவனுக்கு முன்னாலேயே போயிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் சாரல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. நாறும்பூநாதன் ஒதுங்கக்கூட இல்லை. பர்சிலிருந்து அந்த அஞ்சலட்டையை எடுத்தான். ‘இந்தத் தொழில் செய்கிறவருக்கு…’ இரண்டு வருஷத்துக்கு முன்பு தமிழ் வாத்தியார் ஆகாது; இன்று தமிழ் வாத்தியார்தான் வேண்டும். மனுஷனுக்கு மனசு மாறுவது உண்டு. மாறிய மனசு ஓர் அட்டை எழுதிப் போட்டிருக்கக் கூடாதா என்று அவன் அழுதான். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. அட்டையில் மை கரைய ஆரம்பித்தது.

தூரத்தில் ஒரு குடை வந்தது. நன்றாக விரிந்து, வெள்ளை எழுத்தில் ‘வித்வான் தி. நாறும்பூநாதன்’ என்று தெருவுக்கே அறிவித்துக்கொண்டு வந்தது. அடியில் சொக்கம்மாள்.

“இந்தாங்க தம்பி, இதை விட்டுட்டு வந்துட்டீகளே. ஓட்டைக் குடைன்னீகளாம். எம்மேல ஒரு சொட்டு விழல்ல.”

“ஐயா என்ன சொல்லுதாரு?” என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஐயாவா? குடையில எழுதியிருக்கத வாசிச்சுட்டு மூச்சு முட்டி உக்காந்திருக்காவ. ‘சொக்கம்மா, தப்பிச்சோம், இதே பட்டத்தத்தான எங்க சின்னையாவும் நாடக நோட்டீசுல பேருக்கு முன்னால போட்டிருந்தாரு’ங்காவ.” அவள் குடையை அவன் கையில் கொடுத்தாள், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “இது ரெண்டாவது தடவையாம்லா! ரெண்டு வருசத்துக்கு முன்ன அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு காயிதம் வந்துது, மொத வரியிலயே ‘எங்கள் மாப்பிள்ளை வித்வான்’னு இருந்துதாம், ரெண்டாவது வரியக்கூடப் படிக்கல்ல, ‘ஆர்மோனியக்காரனுக்கா எம் பொண்ணு’ன்னு வெந்நி அடுப்புல போட்டுட்டு, ‘இந்தத் தொழில் செய்யிறவருக்குப் பொண்ணு கெடையாது’ன்னு கையோட ஒரு கார்டு எழுதிப் போட்டாவ!”